இயேசு வாழ்ந்தாரா என்று தம்பி கேட்டால்

கேள்வி: ஐயா, நாங்கள் களியக்காவிளைக்குப் பக்கம். சிஎஸ்ஐ சபை. நான் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். தம்பி திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். கொஞ்ச காலமாக ஆலயத்துக்கு வருவதில்லை. கேட்டால், “இயேசு வாழ்ந்ததற்கே ஆதாரம் இல்லை அக்கா. எகிப்து, பெர்சியா கதைகளைச் சேர்த்துக் கட்டினது. 325-ல் கான்ஸ்டன்டைன் ராஜா ஓட்டெடுத்து அவரைக் கடவுளாக்கினான், பைபிளும் அப்போது பொறுக்கினதுதான்” என்கிறான். சுவிசேஷங்கள் நாற்பது, அறுபது வருஷம் கழித்து எழுதியவை, ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்கிறான். தோமா கேரளாவுக்கு வந்ததும் கட்டுக்கதையாம். அம்மா அழுகிறாள். போதகர், “ஜெபம் பண்ணு, வாதம் பண்ணாதே” என்றார். பெரியப்பா குடும்ப குரூப்பில் பிலாத்து ரோமாபுரிக்கு எழுதின கடிதம் என்று ஒன்றைப் போட்டார், தம்பி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டான். எனக்கே பிள்ளைகள் முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெரியப்பா போட்ட கடிதத்தில் இருந்தே தொடங்குகிறேன். தம்பி சிரித்தது நியாயம்தான். பிலாத்து எழுதியதாகச் சொல்லப்படும் கடிதங்கள் பல உண்டு, எல்லாமே பிற்காலத்துக் கிறிஸ்தவர்கள் எழுதிவைத்தவை. இயேசுவின் முடி, தாடி, கண் எல்லாவற்றையும் வர்ணித்து லெந்துலுஸ் என்ற ரோம அதிகாரி எழுதியதாக இன்னொன்று சுற்றுகிறது. அது நடுக்கால ஐரோப்பாவில் பிறந்த போலி. யோசுவா காலத்தில் சூரியன் நின்ற நாளை நாசா கண்டுபிடித்ததாக வரும் செய்தியும் அந்த ரகம்தான். திருச்சபை வரலாறு சொல்லித்தருவது என் தொழில். அந்த உரிமையில் சொல்கிறேன்: தம்பிக்குப் பதில் தேடும் முன் இவற்றையெல்லாம் கழித்துக்கட்டுங்கள். இவை வீட்டில் இருக்கும்வரை, நீங்கள் உண்மையான ஆதாரம் ஒன்றைக் காட்டினாலும் அவன் அதையும் பெரியப்பா கணக்கில்தான் சேர்ப்பான்.

உண்மையான ஆதாரம் இருக்கிறதா? இருக்கிறது. இயேசு என்று ஒருவர் வாழவே இல்லை என்று சொல்கிறவர்கள், பண்டைய வரலாற்றைத் தொழிலாகப் படித்தவர்களுக்குள் மிகச் சிலர். அமெரிக்கப் பேராசிரியர் பார்ட் எர்மான் விசுவாசத்தை விட்டு வெளியேறியவர், பைபிளின் முரண்பாடுகளைப் பற்றி எழுதியே பெயர் வாங்கியவர். தம்பி பார்க்கிற வீடியோக்களில் அவர் பெயர் கட்டாயம் அடிபட்டிருக்கும். அவரே, இயேசு வாழ்ந்தார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

ரோம வரலாற்று ஆசிரியர் டாசிடஸ் கி.பி. 116 வாக்கில் எழுதுகிறார். 64-ல் ரோம் நகரம் எரிந்த பழியை நீரோ கிறிஸ்தவர்கள் தலையில் போட்டதைச் சொல்லிவிட்டு, அந்தப் பெயருக்குக் காரணமான கிறிஸ்து திபேரியு ஆட்சியில் பொந்தியு பிலாத்துவின் கையால் தண்டனை அடைந்தான் என்கிறார். அவருக்கு நம்மேல் பாசம் ஒன்றும் கிடையாது, நம் விசுவாசத்தை நாசகரமான மூடநம்பிக்கை என்றே திட்டுகிறார். யூதரான யோசேபஸ் 93, 94 வாக்கில் எழுதிய வரலாற்றில், “கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு” எருசலேமில் கல்லெறியுண்டு செத்ததைப் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். அது 62-ல் நடந்தது. யோசேபஸ் எருசலேமில் பிறந்து வளர்ந்தவர், அப்போது அவருக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயது. இல்லாத ஆளுக்குத் தம்பி எங்கிருந்து வருவான்?

அதே யோசேபஸின் நூலில் இயேசுவைப் பற்றி இன்னொரு பத்தியும் இருக்கிறது, “இவரே கிறிஸ்து” என்று. அதை எடுத்துக் காட்டாதீர்கள். யூதராகவே வாழ்ந்த மனிதர் அப்படி எழுதியிருக்க மாட்டார். படி எடுத்த கிறிஸ்தவர் யாரோ அந்தப் பத்தியில் கை வைத்திருக்கிறார்கள். அடியில் பழைய குறிப்பு ஒன்று இருந்திருக்கும் என்றே பெரும்பாலான அறிஞர்கள் நினைக்கிறார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனாலும் யாக்கோபைப் பற்றிய வரி போதும்.

பிலாத்து பெயரையாவது கல்லில் பார்க்கவேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. 1961-ல் செசரியாவில் பழைய நாடக அரங்கைத் தோண்டிய இத்தாலிய ஆய்வாளர்கள், படிக்கட்டில் திருப்பிப் பதித்திருந்த ஒரு சுண்ணாம்புக்கல்லைப் புரட்டினார்கள். திபேரியுவின் பெயர், பிலாத்துவின் பெயர், யூதேயாவின் ஆளுநர் என்ற பதவி, மூன்றும் பாதி உடைந்த எழுத்தில் இருந்தன. இப்போது எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது இயேசுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சுவிசேஷம் சொல்கிற ஆளும் பதவியும் கற்பனை இல்லை என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது.

எகிப்து, பெர்சியா காப்பி என்ற கதைக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஓரஸ் கன்னியிடம் பிறந்தார் என்பார்கள். எகிப்தியக் கதையில் ஐசிஸ், செத்த கணவன் ஒசைரிசின் உடலோடு கூடித்தான் கருத்தரிக்கிறாள். ஓரஸ் சிலுவையில் அறையப்படவும் இல்லை. பெர்சியத் தெய்வத்தின் பெயரில் ரோமர் வணங்கிய மித்ரா பாறையைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஆளாகவே வெளியே வருகிறார். அவருடைய பன்னிரண்டு சீஷர்கள் என்று படத்தில் காட்டுவது, அவர் காளையைக் கொல்லும் சிற்பத்தைச் சுற்றிச் செதுக்கிய பன்னிரண்டு ராசிகள். அந்த ரோம மித்ரா வழிபாட்டுக்குக் கிடைக்கும் தடயங்களே முதல் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆரம்பிக்கின்றன. கிருஷ்ணரையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். தேவகிக்கு எட்டாவது பிள்ளை, வேடன் அம்பு காலில் பட்டு இறந்தவர் என்பது நம் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். தெருக்கோடி பஜனை மடத்தில் கேட்டால்கூடச் சிரிப்பார்கள்.

டிசம்பர் 25 இயேசு பிறந்த நாள் என்பதை விட்டுக்கொடுத்துவிடுங்கள். வேதாகமத்தில் தேதியே கிடையாது. ரோமில் அந்தத் தேதியில் கொண்டாடியதற்கு 336-க்கு முந்தைய சான்று இல்லை.

சரி, 325-ல் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் கூட்டிய பேராயர் மாநாட்டுக்கு வருவோம். தம்பியின் வாதத்தில் பலமாகத் தெரிவதும் உள்ளே காலியாக இருப்பதும் இதுதான்.

கருங்கடல் ஓரத்தில் பித்தினியா என்ற மாகாணம். பேதுருவின் முதல் நிருபம் முதல் வசனத்தில் அந்தப் பெயர் வருகிறது. சுமார் 112-ல் அங்கே ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் என்று பிடித்துக் கொண்டுவருகிறார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது விஷயம். விசாரித்ததில் அவருக்குத் தெரியவந்ததை அப்படியே எழுதுகிறார்: ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவை ஒரு தெய்வமாக வைத்து மாறிமாறிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், கலைந்துபோய் மறுபடியும் கூடிச் சாப்பிடுகிறார்கள். உண்மை வரவழைக்க, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தேன் என்றும் எழுதுகிறார். அந்தப் பெண்களின் பெயரை அவர் எழுதவில்லை. கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது அப்போது.

பித்தினியா எங்கோ தூரம் என்றால் இஸ்ரவேலுக்கே வாருங்கள். மெகிதோ சிறைச்சாலை வளாகத்தில் 2005-ல் புதிய கட்டடத்துக்காகத் தோண்டியபோது ஒரு ஜெபக்கூடத்தின் மொசைக் தரை வெளிப்பட்டது. ஏறக்குறைய 230-ஐச் சேர்ந்தது என்கிறார்கள். அக்கெப்தூஸ் என்ற பெண், “தேவனாகிய இயேசு கிறிஸ்துவுக்கு” நினைவாக மேசையைக் கொடுத்ததாகக் கிரேக்கத்தில் பதித்திருக்கிறது. தரைக்குப் பணம் கொடுத்தவர் ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி ஒருவர், அவர் பெயரும் இருக்கிறது. நிசேயா கூடுவதற்குத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே இப்படி எழுதிப் பதித்துவிட்டார்கள்.

அப்படியானால் 325-ல் என்ன நடந்தது? அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியஸ் என்ற மூப்பர், குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்றார். அதுதான் வழக்கு, அவர் சொன்னது தப்பு என்று மாநாடு முடிவெடுத்தது. இயேசு வெறும் மனிதரா கடவுளா என்று யாரும் ஓட்டெடுக்கவில்லை, ஆரியசே அவரை ஆராதித்தவர்தான். ராஜா சொன்னதால் முடிவான விஷயம் என்றால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். நிசேயாவின் முடிவுக்காக நின்ற அலெக்சாந்திரியா பேராயர் அத்தனாசியுவை 335-ல் கான்ஸ்டன்டைனே நாடு கடத்தினார். அந்த மனிதர் வாழ்நாளில் ஐந்து தடவை துரத்தப்பட்டார். கான்ஸ்டன்டைன் 337-ல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியசுக்கு ஆதரவாக இருந்த பேராயரின் கையில். அவர் மகனும் ஆரியஸ் பக்கமே சாய்ந்தார். அரண்மனை ஐம்பது வருஷம் முன்னும் பின்னும் இழுத்தும் சபை நிசேயாவை விடவில்லை என்பதுதான் உண்மையில் நடந்தது.

பைபிளைப் பொறுக்கினார்கள் என்பதும் அப்படியே. நிசேயா இயற்றிய சட்டங்கள் இருபதும் கையில் இருக்கின்றன. குருமார் நியமனம், பயத்தில் மறுதலித்தவர்களைத் திரும்பச் சேர்ப்பது, வட்டி வாங்கும் குருமார் என்றெல்லாம் போகிறது. வேதாகமப் புத்தகங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. சுவிசேஷம் நான்குதான் என்று ஐரேனியு என்ற பேராயர் 180 வாக்கிலேயே எழுதிவிட்டார். நம் கையில் உள்ள இருபத்தேழு புத்தகங்களின் பட்டியல் அப்படியே வருவது அத்தனாசியு 367-ல் எழுதிய கடிதத்தில்.

சுவிசேஷங்கள் தாமதமாக எழுதப்பட்டவை என்பதில் தம்பியின் கணக்கு ஏறக்குறைய சரி. மாற்கு 70 வாக்கில், யோவான் அந்த நூற்றாண்டின் கடைசியில் என்றுதான் நாங்களும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் நாற்பது வருஷம் என்பது எவ்வளவு தூரம்? நம் பக்கத்தில் இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணு பிள்ளை மந்திரிசபை, நம் பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற போராட்டம். அந்தக் கூட்டத்தில் இருபது வயதில் நின்றவர் 1994-ல் அறுபது வயதுக்காரர். திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருப்பார், யாராவது தப்பாகச் சொன்னால் கையை நீட்டித் திருத்தியிருப்பார். எத்தனை பேர் செத்தார்கள், கலவரம் எப்படித் தொடங்கியது என்று கேட்டால் விளவங்கோட்டில் ஒரு பதில் வரும், நெய்யாற்றின்கரையில் வேறு பதில் வரும். சுட்டார்கள் என்பதையோ, யார் ஆட்சியில் சுட்டார்கள் என்பதையோ எந்தப் பக்கத்துக்காரரும் மறுக்கமாட்டார். கல்லறைக்குப் போன பெண்கள் ஒருவரா, இருவரா, மூவரா என்று சுவிசேஷங்கள் மாறுவதை இந்த அளவில் வைத்துப் பாருங்கள்.

அதுவும் போக, சுவிசேஷங்கள் நம்முடைய முதல் எழுத்து இல்லை. அதற்கு முன்பே பவுலின் நிருபங்கள் வந்துவிட்டன. பவுலைக் கொண்டுவந்து நிறுத்தியபோது வழக்கை ஏற்காமல் தள்ளிவிட்ட கல்லியோன் என்ற அதிபதி அப்போஸ்தலர் 18-ல் வருகிறாரே, அவர் 51, 52 வாக்கில் அந்தப் பதவியில் இருந்ததைக் காட்டும் கல்வெட்டுத் துண்டுகள் கிரேக்க நாட்டு டெல்பியில் கிடைத்திருக்கின்றன. அதை வைத்துத்தான் பவுலின் காலக் கணக்கே நிற்கிறது. அப்புறம் சில வருஷங்களில் கொரிந்தியருக்கு எழுதும்போது, நானும் பெற்று உங்களுக்கும் ஒப்புவித்தது என்று சொல்லி, கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்கு, அதாவது பேதுருவுக்கு, தரிசனமானார் என்று அடுக்குகிறார். மனப்பாடமாகச் சொல்லிவந்த வரிகள் அவை. சிலுவைக்குப் பிறகு சில வருஷங்களுக்குள் உருவாகிவிட்டவை என்று விசுவாசிகள் அல்லாத அறிஞர்கள் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

கையெழுத்துப் படியாகக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையதில் ஒன்று இங்கிலாந்தில் மான்செஸ்டரில் இருக்கிறது. ஒன்பது சென்டிமீட்டர் உயரம், ஆறு அகலம், எகிப்திலிருந்து வந்த பாப்பிரசுத் துண்டு, இரண்டாம் நூற்றாண்டு. யோவான் 18-இலிருந்து சில வரிகள், பிலாத்து இயேசுவை விசாரிக்கும் இடம்.

தம்பி பக்கம் நியாயம் இருக்கும் இடங்களை மறைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். ஏரோது செத்தது கி.மு. 4-ல் என்பது பரவலான கணக்கு. ஏரோதின் காலத்தில் இயேசு பிறந்தார் என்கிறது மத்தேயு. அவர் பிறந்தபோது நடந்ததாக லூக்கா சொல்லும் சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6-ல். இரண்டையும் பொருத்த எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு எதுவும் திருப்தியாக இல்லை. மாற்கு 16-இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவமும் யோவானின் பழைய படிகளில் இல்லை. இதையெல்லாம் உங்கள் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிவிடுவது நல்லது. பதிமூன்று வயதில் உங்களிடம் கேட்டால் ஒரு தகவல். இருபத்து மூன்றில் யாரோ யூடியூபில் சொன்னால் அக்கா நம்மை ஏமாற்றினாள் என்று ஆகிவிடும்.

உயிர்த்தெழுதலை வரலாற்று ஆதாரம் காட்டி நிரூபித்துவிடலாம் என்று மேடையில் அடித்துப் பேசுகிற ஊழியர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. வரலாறு கொண்டுபோய் விடும் தூரம் கொஞ்சம்தான். சிலுவையில் செத்த ஒருவரை, சீக்கிரத்திலேயே, அவரோடு சாப்பிட்டவர்களே உயிரோடு கண்டோம் என்றார்கள். அவர் இருந்தபோது நம்பாத குடும்பத்தில் பிறந்த யாக்கோபு எருசலேம் சபைக்குத் தூணானார், 62-ல் உயிரையும் விட்டார். காலியான கல்லறைக்கு முதல் சாட்சி பெண்கள் என்று நான்கு சுவிசேஷமும் சொல்கிறது. பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது என்று யோசேபஸ் எழுதிவைத்த காலம் அது. கதை கட்டுகிறவன் பேதுருவை அல்லவா முதலில் அனுப்பியிருப்பான்? இதுவரை வரலாறு வரும். அவர் எழுந்தார் என்று நான் அறிக்கை செய்வது அதற்கு மேலே. அதைத் தம்பிமேல் திணிக்க என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது.

தோமா விஷயத்தில் பதறவேண்டாம். 52-ல் கொடுங்கல்லூரில் இறங்கினார் என்பது பாரம்பரியம், அந்தக் காலத்து எழுத்தோ கல்லோ கிடையாது. வந்திருக்க முடியும். மிளகு வாங்க ரோமக் கப்பல்கள் சேரநாட்டு முசிறிக்கு வந்துபோன காலம்தான் அது. வந்தார் என்று நிரூபிக்க முடியாது. தக்கலைக்குப் பக்கத்தில் திருவிதாங்கோடு அரைப்பள்ளி என்ற ஆலயத்தை அவர் கட்டியதாகச் சொல்வதும் பாரம்பரியமே. மலங்கரைச் சபைக்காரர்கள் வீட்டில் இதைச் சொல்ல நேர்ந்தால் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். கெட்டியான ஆதாரம் வேண்டும் என்றால் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு இருக்கிறது. 849-ல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கு நிலமும் உரிமையும் கொடுத்து வட்டெழுத்தில் எழுதித் தந்தது. சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் பழைய பாரசீகத்துப் பகலவியிலும் எபிரெய எழுத்திலும் இருக்கின்றன. வாஸ்கோ ட காமா வருவதற்கு ஆறு நூற்றாண்டுக்கு முந்தியது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம் என்று யாராவது ஆரம்பித்தால் இதைக் காட்டுங்கள். நம் சபைக்கு வித்திட்டது 1806-ல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயும் மயிலாடி வேதமாணிக்கமும். நம் விசுவாசம் தோமாவின் கப்பலை நம்பி நிற்கவில்லை.

போதகர் சொன்னதில் பாதி சரி. சாப்பாட்டு வேளையில், அம்மா முன்னால் வாதம் வேண்டாம். பிலாத்து கடிதம் போலி என்பதைக் குரூப்பில் நீங்களே எழுதுங்கள், பெரியப்பாவுக்குத் தனியாகப் போன் செய்து சொல்லிவிட்டு எழுதுங்கள். பிறகு தம்பியிடம் ஒரே ஒரு வேலை கேளுங்கள். வீடியோ வேண்டாம், என் பதில்கூட வேண்டாம், கலாத்தியர் நிருபத்தை ஒரே மூச்சில் வாசிக்கட்டும். அது பவுல் எழுதியது என்பதில் நாத்திக அறிஞர்களுக்கும் சந்தேகம் இல்லை. பேதுருவோடு பதினைந்து நாள் தங்கினேன், கர்த்தருடைய சகோதரன் யாக்கோபைப் பார்த்தேன் என்று முதல் அதிகாரத்திலேயே எழுதுகிறார். இரண்டாவதில், அந்தியோகியாவில் பேதுருவை எல்லாருக்கும் முன்னால் கண்டித்ததை எழுதுகிறார். புறஜாதியாரோடு பந்தியில் உட்கார்ந்திருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டாராம். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில் வந்த சண்டை, நம் ஊர்க்காரனுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆறே அதிகாரம்தான், பாறசாலையில் ரயில் ஏறினால் கழக்கூட்டம் வருமுன் முடித்துவிடலாம். வாசித்துவிட்டு அவன் என்ன கேட்கிறானோ, அவன் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள்.